பில் பதியும் வேலையை மென்பொருளுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது. ஒரு நடுத்தர நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 15 ஆண்டுகளாக சப்ளையர் பில்களைச் சரிபார்த்துப் பதிவு செய்கிறேன். பிரிவில் நாங்கள் 5 பேர். நாளொன்றுக்கு 200 பில் வரை வரும். இப்போது பில்லைத் தானே படித்துப் பதிவு செய்யும் ஏஐ மென்பொருள் வாங்கியிருக்கிறார்கள். அதற்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. இந்த வேலை இன்னும் எத்தனை நாள் தாங்கும்? வேலையை விட்டுவிட்டு புரோகிராமிங் படிக்கலாமா?

பதில்: பயிற்சி கொடுங்கள். வேலையை விடாதீர்கள். புரோகிராமிங் படிப்பு இப்போதைக்கு வேண்டாம்.

முதலில் அந்த மண்ணை வாரும் விஷயம். நீங்கள் ஒத்துழைக்க மறுத்தாலும் மென்பொருள் நிற்காது. எந்த சப்ளையர், எந்தக் கணக்குத் தலைப்பு, எந்த வரி விகிதம், யார் ஒப்புதல் என்பதையெல்லாம் அது உங்கள் நிறுவனத்தின் பழைய பதிவுகளிலிருந்தே கற்றுக்கொள்ளும். 15 ஆண்டுப் பதிவுகள் ஏற்கெனவே டேட்டாபேஸில் கிடக்கின்றன. அங்கே இல்லாதது ஒன்றுதான்: ஏன் அப்படிப் பதிந்தீர்கள் என்ற காரணம். பர்ச்சேஸ் ஆர்டரில் 100 பெட்டி, சரக்கு வரவுச் சீட்டில் 96, பில்லில் 100 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சப்ளையருக்கு 96-க்கு மட்டும் பணம் அனுமதித்து, மீதி 4-க்கு கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்து சப்ளையர் தரும் சீட்டு) கேட்டிருப்பீர்கள். இன்னொருவர் விஷயத்தில் மொத்த பில்லையும் இரண்டு நாள் நிறுத்தி வைத்திருப்பீர்கள், ஏனென்றால் மீதிப் பெட்டிகளைத் தனி வண்டியில் அனுப்புவது அவர் வழக்கம். மென்பொருளின் கண்ணுக்கு இவை இரண்டும் ஒன்றோடொன்று முரண்படும் பதிவுகள், அவ்வளவே. அந்தக் காரணம் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அதை வாய்வழியாக ஒரு ஆலோசகரிடம் கொட்டிவிட்டு வருவது ஒரு வழி. உங்கள் பெயரில், தேதியோடு, நீங்களே பராமரிக்கும் விதித்தொகுப்பாக எழுதுவது இன்னொரு வழி. மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது முதல் வழியில்தான் நடக்கும்.

வேலை எவ்வளவு நாள் தாங்கும் என்ற கேள்விக்கு எந்தத் தலைப்புச் செய்தியையும் நம்ப வேண்டாம். 2013-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃப்ரேயும் ஆஸ்போர்னும் அமெரிக்க வேலைகளில் 47 விழுக்காடு கணினிமயமாகும் அபாயத்தில் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். 2016-ல் ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு வெளியிட்ட ஆய்வு, உறுப்பு நாடுகளில் சராசரி 9 விழுக்காடுதான் என்றது. முன்னது ஒவ்வொரு தொழிலையும் முழுசாக எடை போட்டது. பின்னது அந்தத் தொழிலில் இருப்பவர்கள் உண்மையில் செய்யும் தனித்தனிப் பணிகளைப் பார்த்தது. உங்களுக்கு உதவுவது பின்னதன் பார்வை. ஆனாலும் ஒன்றை மறைக்க விரும்பவில்லை: முந்தைய பட்டியலில் அபாயம் மிக அதிகமான வேலைகளில் டேட்டா என்ட்ரியும் ஒன்று. அந்த மதிப்பீட்டை மறுக்க இன்றுவரை எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

இந்த இடத்தில் ஏடிஎம் கதையை ஆறுதலாகச் சொல்வார்கள். ஏடிஎம் வந்தபின் அமெரிக்காவில் நகர்ப்புற வங்கிக் கிளை ஒன்றுக்குத் தேவைப்பட்ட காசாளர்கள் 1988-க்கும் 2004-க்கும் இடையே சராசரி 20-லிருந்து 13 ஆனார்கள். கிளை நடத்தும் செலவு குறைந்ததால் கிளைகள் 40 விழுக்காட்டுக்கு மேல் கூடின. மொத்தத்தில் காசாளர் வேலை அப்போது பெரிதாகக் குறையவில்லை. உண்மைதான், ஆனால் உங்களுக்குப் பொருந்தாது. பில் பதிவு மலிவாகிவிட்டது என்பதற்காக எந்த நிறுவனமும் கூடுதலாகச் சரக்கு வாங்கப்போவதில்லை. ஆகவே உங்கள் பிரிவில் 5 இருக்கைகள் 5 ஆகவே நீடிக்காது என்று வைத்துத் திட்டமிடுங்கள். மிஞ்சும் இருக்கைகளில் உட்காருபவர் என்ன வேலை செய்வார் என்பதே கேள்வி.

அனுபவம் தானாகக் காப்பாற்றும் என்றும் நினைக்க வேண்டாம். வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் 5,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஏஐ உதவி கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2023-ல் வெளியானது. சராசரி வேலைத்திறன் 14 விழுக்காடு கூடியது. புதியவர்களுக்கும் திறன் குறைந்தவர்களுக்கும் 34 விழுக்காடு. நீண்ட அனுபவசாலிகளுக்கு ஏறக்குறைய மாற்றமே இல்லை. அன்றாடக் கேள்விகளில் புதியவர் உங்களை விரைவில் எட்டிப் பிடிப்பார் என்பது இதன் பொருள். அபூர்வமாக வரும் சிக்கல்களில்தான் உங்கள் 15 ஆண்டு விலை போகும்.

அந்தச் சிக்கல்கள் எவை, எத்தனை என்று எண்ணித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 10 வேலைநாள் ஒரு பதிவேடு வையுங்கள். தடையில்லாமல் போன பில்லுக்கு ஒரு கோடு மட்டும் போதும். எங்கே கை நின்றதோ அந்த பில்லுக்கு மட்டும் ஐந்து விவரங்கள்: எதனால் நின்றது, எந்த ஆவணத்தைப் பார்த்தீர்கள், யாரைக் கேட்டீர்கள், என்ன முடிவு, எத்தனை நிமிடம். முடிந்ததும் மூன்று குவியலாகப் பிரியுங்கள். கண்ணும் விரலும் போதுமாக இருந்தவை, மனதில் இருக்கும் ஒரு விதியைப் பயன்படுத்தியவை, இன்னொருவரிடம் பேசாமல் முடியாதவை. பில் எண்ணிக்கையில் முதல் குவியல் பெரிதாக இருக்கும். நிமிடக் கணக்கில் பெரும்பாலும் மூன்றாவதுதான் பெரிதாக வரும். நிர்வாகத்திடம் பேசும்போது இந்த நிமிடக் கணக்கை முன்னால் வையுங்கள். மென்பொருள் விற்பவர் பில் எண்ணிக்கையைத்தான் காட்டுவார்.

அவர் காட்டும் துல்லியக் கணக்கையும் கொஞ்சம் உரித்துப் பார்க்கலாம். 98 விழுக்காடு துல்லியம் என்றால் பெரும்பாலும் அது ஒரு கட்டத்துக்கான கணக்கு. ஒரு பில்லில் சப்ளையர், பில் எண், தேதி, தொகை, வரி என்று 10 கட்டங்கள் இருந்தால், பத்தும் சரியாக வரும் வாய்ப்பு 0.98-ஐ பத்து முறை பெருக்கினால் வருவது, அதாவது சுமார் 82 விழுக்காடு. உங்கள் 200 பில்லில் ஏறக்குறைய 36 பில்லில் ஒரு பிழையாவது இருக்கும். துல்லியம் 99.5 ஆனால்கூட நாளொன்றுக்கு 10 பில் தவறும். பிழைகள் எல்லா பில்லிலும் சமமாகப் பரவாது, மோசமான சில சப்ளையர்களிடமே குவியும் என்பதால் நடைமுறையில் எண்ணிக்கை இதைவிடக் குறையலாம். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "கட்டத்துக்கான துல்லியமா, முழு பில்லுக்கானதா?"

பிழை எங்கே விளைகிறது என்பது உங்களுக்குத் தெரிந்த இடங்கள்தான். தொகையின் மேல் விழுந்த ரப்பர் ஸ்டாம்ப், 1-க்கும் 7-க்கும் குழப்பம், தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி, 03/04 என்ற தேதியில் நாள் எது மாதம் எது, இரண்டாம் பக்கத்தின் தலையில் வரும் முன்பக்கக் கூட்டுத்தொகையை இன்னொரு சரக்கின் தொகையாக எடுத்துக்கொள்வது, ஒரே பிடிஎஃப்பில் மூன்று பில். எல்லாவற்றிலும் மோசமானது கிரெடிட் நோட்டை பில்லாகப் படிப்பது: 500 கழிய வேண்டிய இடத்தில் 500 கூடும், வித்தியாசம் 1,000. ஸ்கேனின் தெளிவை 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) என்று வையுங்கள், ஸ்டேப்பிள் பின்னை எடுத்துவிட்டுத் தாளை நேராக விடுங்கள். சப்ளையரிடம் அச்சிட்டு ஸ்கேன் செய்த நகலுக்குப் பதில் அவர் கணினியில் உருவான அசல் பிடிஎஃப்பையே கேளுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே பாதித் தலைவலி குறையும்.

அடுத்தது, கணக்கை வைத்தே பிடிக்கும் சோதனைகள். அளவு பெருக்கல் விலை அந்தந்தச் சரக்கின் தொகைக்குச் சமமா, எல்லாச் சரக்குத் தொகைகளின் கூட்டலும் அரசு வரியும் சேர்ந்து மொத்தத்தைத் தருகின்றனவா என்ற இரண்டையும் மென்பொருளில் கட்டாயமாக்கச் சொல்லுங்கள். தொகைப் பிழைகளில் பெரும்பகுதி இங்கேயே சிக்கும். பில் எண்ணும் தேதியும் இதில் சிக்காது. அவற்றுக்குத் தனி விதி வேண்டும்: எதிர்காலத் தேதி வந்தால் நிறுத்து, 90 நாளுக்கு முந்தைய தேதி வந்தால் நிறுத்து, இந்த சப்ளையரின் பில் எண் எப்போதும் 6 இலக்கம் என்றால் 5 இலக்கம் வந்தால் நிறுத்து. ஒரே பில் இரண்டு முறை வருவதைக் கண்டுபிடிக்க எண்ணை அப்படியே ஒப்பிட்டால் போதாது. 0045/24 என்றும் 45-24 என்றும் வந்தால் கணினிக்கு அவை வேறு வேறு. குறிகளையும் முன்னால் வரும் பூஜ்யங்களையும் நீக்கிய வடிவத்தில் எண்ணை ஒப்பிட்டு, கூடவே அதே சப்ளையர், அதே தொகை என்றும் பார்க்க வேண்டும்.

புதிய வகை மென்பொருளில், அதாவது பெரிய மொழி மாதிரிகளை (ஏராளமான உரையில் பழகி, அடுத்து வரக்கூடியதை ஊகித்து எழுதும் ஏஐ) வைத்து இயங்குபவற்றில், ஒரு தனி ஆபத்து உண்டு. மங்கலான இடத்தில் பழைய ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) குப்பை எழுத்துகளைத் தரும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். மொழி மாதிரி அதே இடத்தில் நம்பும்படியான ஒரு எண்ணைத் தந்துவிடக்கூடும். சோதிக்க எளிய வழி இருக்கிறது. 20 பில்லை எடுத்து, பர்ச்சேஸ் ஆர்டர் எண் இருக்கும் இடத்தில் வெள்ளைத் தாளை ஒட்டி ஸ்கேன் செய்யுங்கள். அந்தக் கட்டம் இருபதிலும் காலியாக வர வேண்டும். ஒன்றிலாவது எண் நிரம்பி வந்தால், அது பில்லிலிருந்து வந்ததா, வேறெங்கிருந்தோ வந்ததா என்று விற்பவர் விளக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒவ்வொரு பில்லுக்கும் மென்பொருள் ஒரு நம்பிக்கை மதிப்பெண் தரும். 90-க்கு மேல் என்றால் தானாகப் போகும், கீழே என்றால் மனிதரிடம் வரும் என்று எல்லை வைப்பார்கள். 90 மதிப்பெண் என்பது 100-க்கு 90 சரி என்ற பொருளில் இல்லை. அது மென்பொருளின் சொந்த அளவுகோல். எல்லையைக் கீழே இறக்கினால் மனிதரிடம் வரும் பில்கள் குறைந்து, மேலாளர் பார்க்கும் வரைபடம் அழகாகும். ஆனால் தானாகப் போனவற்றில் எத்தனை தவறு என்பதை அந்த வரைபடம் காட்டாது. அதை நீங்கள்தான் அளக்க வேண்டும். தானாகப் போன பில்களில் 300-ஐ, கண்ணில் பட்டதை எடுக்காமல், குலுக்கல் முறையில் எடுத்து அசலோடு ஒப்பிடுங்கள். ஒரு பிழைகூட இல்லையென்றால், உண்மையான பிழை விகிதம் 1 விழுக்காட்டுக்குக் கீழ் என்று 95 விழுக்காடு உறுதியோடு சொல்லலாம். வெறும் 60 பார்த்துப் பிழை இல்லையென்றால், 5 விழுக்காட்டுக்குக் கீழ் என்று மட்டுமே சொல்ல முடியும். சூத்திரம் எளிது: 3-ஐ மாதிரி எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், மாதிரியில் பிழை பூஜ்யமாக இருக்கும்போது மட்டும்.

பழைய முறையும் புதிய முறையும் இணையாக ஓடும் காலம் குறைந்தது ஒரு முழு மாதம் இருக்கட்டும், மாதக் கடைசி உட்பட. இரண்டு வாரம் போதும் என்று அவசரப்படுத்துவார்கள். விசித்திரமான பில்களெல்லாம் மாதக் கடைசியில்தான் வந்து விழும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி வருவது உங்கள் புதிய வேலையின் உண்மையான கஷ்டம். 1983-ல் லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் தொழிற்சாலைத் தானியக்கத்தைப் பற்றி எழுதியபோதே இதைச் சுட்டிக்காட்டினார்: எளிய வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டால், மனிதரிடம் மிஞ்சுவது கடினமான வேலையும் கண்காணிப்பும். ஆனால் நாள் முழுக்கக் கண்காணிப்பது மனிதருக்கு வராத ஒன்று. பயிற்சி இல்லாமல் போன கை, நெருக்கடியில் தடுமாறும். தொடர்ந்து 400 பில் சரியாக வந்தபின் 401-ஆவதைப் படிக்காமலே ஓகே அழுத்துவது சோம்பேறித்தனத்தால் வருவதில்லை, யாருடைய மூளையும் அப்படித்தான் செய்யும். இதற்கு மூன்று ஏற்பாடுகள் வேண்டும். பிழை உள்ளதென்று தெரிந்த சோதனை பில்களை 100-க்கு 2 என்ற அளவில் யாராவது ரகசியமாக வரிசையில் கலக்க வேண்டும், பணம் போகுமுன் அவை தானாக விலகும்படி குறியிட்டு. பெரிய தொகை பில்களில் மென்பொருள் படித்த தொகையை மறைத்துவிட்டு உங்களைத் தனியாக அடிக்கச் சொல்லி, இரண்டையும் ஒப்பிட வேண்டும். சரிபார்க்கும் வேலையில் ஒருவர் ஒரே நீட்டாக ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது.

மென்பொருளிடம் ஒருபோதும் விடக்கூடாத ஒன்று சப்ளையரின் வங்கிக் கணக்கு எண் மாற்றம். "எங்கள் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்பவும்" என்று சப்ளையர் பெயரில் மின்னஞ்சல் வரும் மோசடி பழையது. இப்போது அந்தக் கடிதங்கள் பிழையில்லாத மொழியில், அசல் லெட்டர்ஹெட்டோடு வருகின்றன. ஏற்கெனவே உங்கள் மாஸ்டரில், அதாவது சப்ளையர் விவரப் பட்டியலில் இருக்கும் தொலைபேசி எண்ணில் அழைத்து உறுதி செய்யுங்கள், கடிதத்தில் இருக்கும் எண்ணில் அல்ல. மாற்றுபவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் இன்னொருவர். இதை விதித்தொகுப்பின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

விதித்தொகுப்பு பெரிய புத்தகமாக வேண்டாம். ஒரு விதிக்கு ஆறு வரி போதும்: நிலைமை, பார்க்க வேண்டிய ஆவணம், முடிவு, ஒப்புதல் யார், காரணம், கடைசியாக மாற்றிய தேதியும் பெயரும். "காரணம்" என்ற வரியை எழுதாமல் விடாதீர்கள். சப்ளையர் மாறும்போது எந்த விதி செத்தது, எது உயிரோடு இருக்கிறது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். பதிவேட்டின் இரண்டாம் குவியலிலிருந்து முதல் 30 விதிகளை எடுத்துவிடலாம்.

ஒரு விஷயத்தைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். தட்டச்சுப் பதிவை உண்மையில் முடித்துவைக்கப்போவது ஏஐ இல்லை என்பது என் கணிப்பு. பில் தாளாகவோ படமாகவோ வராமல், சப்ளையரின் கணினியிலிருந்து தரவாகவே உங்கள் கணினிக்கு வரும் மின்னணு பில்தான் அதைச் செய்யும். அங்கே படிப்பதற்கே எதுவும் இல்லை. பல நாடுகள் சட்டமாகவே அந்தத் திசையில் நகர்கின்றன. படிக்கும் பிழைகள் அப்போது மறையும், ஆனால் 100 பெட்டிக்குப் பதில் 96 வந்த கதை அப்படியே இருக்கும். ஆகவே படித்தல் பிழைகளைத் திருத்துவதில் நிபுணராகிவிடாதீர்கள். சரக்கு, ஆர்டர், பில் மூன்றும் ஒத்துப்போகாதபோது தீர்ப்பதில் நிபுணராகுங்கள்.

படிக்க வேண்டியது என்ன? புரோகிராமிங்கில் ஆரம்பநிலை வேலைகளே இப்போது ஏஐ கைக்குப் போகின்றன. 41-இல் அங்கே கடைசி வரிசையில் போய் நிற்பது உங்கள் 15 ஆண்டை வீணாக்குவது. நாளுக்கு ஒரு மணி நேரம், 12 வாரம் ஒதுக்குங்கள். முதல் 4 வாரம் எக்செல்: பிவட் டேபிள் (தரவைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை), எக்ஸ்லுக்கப் (ஒரு பட்டியலில் தேடி எடுக்கும் சூத்திரம்), இரண்டு பட்டியலை ஒப்பிட்டு வித்தியாசத்தை எடுப்பது. அடுத்த 4 வாரம் எக்செல்லுக்குள்ளேயே இருக்கும் பவர் குவெரி என்ற கருவி: ஒவ்வொரு மாதமும் கையால் செய்யும் துப்புரவை ஒருமுறை எழுதிவைத்து, புதுப்பித்தால் தானாக ஓட விடுவது. கடைசி 4 வாரம் எஸ்க்யூஎல், அதாவது டேட்டாபேஸிடம் தரவைக் கேட்டு வாங்கும் மொழி: தரவைத் தேர்ந்தெடுப்பது, வடிகட்டுவது, தொகுப்பது, இரண்டு அட்டவணைகளை இணைப்பது. எஸ்க்யூஎல்லில் இந்த நான்கும் தெரிந்தால் கணினிப் பிரிவின் காலில் விழாமல் நீங்களே 300 பில் மாதிரியை எடுக்கலாம். பயிற்சிக்கு வெளித் தரவு தேட வேண்டாம், உங்கள் பதிவேடே போதும். சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பை) நேரடியாக எக்செல்லில் திறக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். முன்னால் இருக்கும் பூஜ்யங்கள் போய்விடும், 15 இலக்கத்துக்கு மேற்பட்ட வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும். பவர் குவெரி வழியாக இறக்கி, அந்தப் பத்தியின் வகையை உரை என்று வையுங்கள்.

சூத்திரம் எழுத, சப்ளையருக்குக் கடிதம் வரைய ஏஐ உதவியாளரைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். கூட்டல் கணக்கை மட்டும் அதன் வாயால் சொல்லவைக்காமல் எக்செல்லில் செய்யுங்கள். நிறுவனத்தின் பில்லை உங்கள் சொந்த ஏஐ கணக்கில் ஒட்டுவது, பல இடங்களில் வேலையே போகும் குற்றம்.

கடைசியாக, நிர்வாகத்திடம் பேசும் நேரம். இணை ஓட்டம் முடிவதற்கு முன்பே பேசுங்கள். அதற்குப் பிறகு உங்கள் பேரம் பேசும் பலம் பாதியாகிவிடும். 10 நாள் பதிவேட்டின் நிமிடக் கணக்கு, 30 விதிகள், 300 பில் சோதனை முடிவு ஆகிய மூன்று தாள்களோடு போய் மூன்றைக் கேளுங்கள்: தானாகப் போகாத பில்களின் வரிசைக்கும் விதித்தொகுப்புக்கும் நீங்கள் பொறுப்பாளர் என்று எழுத்தில் பதவிப்பெயர், நம்பிக்கை மதிப்பெண் எல்லையை மாற்ற உங்கள் ஒப்புதல், மாதந்தோறும் மாதிரிச் சோதனைக்கு ஒதுக்கிய நேரம். சம்பள உயர்வை அந்தக் கூட்டத்தில் கேட்க வேண்டாம், ஒரு காலாண்டு எண்களோடு அடுத்த கூட்டத்தில் கேளுங்கள்.

மூன்றையும் மறுத்தால், அதே மூன்று தாள்களின் உள்ளடக்கத்தை, நிறுவனத் தரவும் சப்ளையர் பெயர்களும் இல்லாமல், உங்கள் சுயவிவரத்தில் இரண்டு பத்தியாக எழுதி வெளியே தேடத் தொடங்குங்கள். உள்தணிக்கைப் பிரிவுகள், சப்ளையர் கணக்கு ஒப்பீடு செய்யும் பிரிவுகள், இதே மென்பொருளை மற்ற நிறுவனங்களில் நிறுவிக்கொடுக்கும் குழுக்கள் ஆகிய மூன்று இடங்களில் விண்ணப்பியுங்கள். மூன்றாவதில் கணினி தெரிந்தவர்கள் நிறைய இருப்பார்கள், சரக்கு வரவுச் சீட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் குறைவு.